தீயும் ஆவியும்: ஒரு கைக்கருவியின் வரலாறு

உலர்ந்த மூலிகையை எரிக்காது, சூடேற்றி, அதிலிருந்து எழும் ஆவியை மட்டும் உள்ளிழுக்கத் துணைபுரியும் சிறு கருவியொன்று இன்று மேற்கு நாடுகளின் சந்தையில் பரவலாக விற்பனையாகின்றது. ஆவியாக்கி என நாம் அழைக்கத்தக்க இக்கருவி சட்டைப்பைக்குள் அடங்குவது, மின்கலத்தால் இயங்குவது. பெரும்பாலும் கஞ்சாவுக்கே இது பயன்படுகின்றது. விளம்பரக்காரர் இதனைப் புத்தம் புதிய விந்தையென முழங்குவர். வரலாற்று மாணவன் அவ்வளவு எளிதில் இதனை ஏற்கமாட்டான். எந்தக் கருவியின் பின்னாலும் பெயரறியா மக்களின் நீண்ட அனுபவம் மறைந்து கிடக்கின்றது. அவ்வனுபவம் ஈற்றில் யாருடைய உடைமையாகின்றது என்பதே நாம் ஆராயவேண்டிய வினாவாகும்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோற்றஸ், கருங்கடலுக்கு வடக்கே குதிரையேறித் திரிந்த சிதியர் என்னும் நாடோடி மக்களின் வழக்கமொன்றைத் தமது நூலின் நான்காம் பகுதியிலே விவரிக்கின்றார். இறந்தோரை அடக்கஞ் செய்தபின், அம்மக்கள் மூன்று கோல்களை ஒன்றோடொன்று சாய்த்து நட்டு, அவற்றின்மேற் கம்பளியைப் போர்த்துச் சிறு கூடாரம் அமைப்பர். நடுவே செந்தழலாகக் காய்ந்த கற்களை ஒரு பாத்திரத்தில் இடுவர். கூடாரத்துள் நுழைந்து கஞ்சா விதைகளைக் கற்களின்மேல் எறிவர். எழும் ஆவியில் மெய்மறந்து கூவுவர். இதனைக் கேட்ட பிற்காலத்தவர் பலர் கட்டுக்கதையென்றே கருதினர்.

நிலத்தை அகழ்ந்தபோது அக்கதை உண்மையாயிற்று. அல்தாய் மலைப்பகுதியிலுள்ள பசிரிக் என்னுமிடத்தில் 1947 தொடக்கம் 1949 வரை சோவியத்து அகழ்வாய்வாளர் செர்கேய் ருடென்கோ நடத்திய ஆய்வில், உறைபனி பாதுகாத்த கல்லறைகள் வெளிப்பட்டன. இரண்டாம் கல்லறையிலே கற்கள் நிறைந்த சிறு உலோகப் பாத்திரங்களும், கருகிய கஞ்சா விதைகளும், கூடாரத்துக்குரிய ஆறு கோல்களும் கிடைத்தன. ஒரு பாத்திரத்தின் கைபிடியிலே பூர்ச்சமரப் பட்டை சுற்றப்பட்டிருந்தது. கை சுடாதிருக்க எவரோ ஒரு தொழிலாளி கண்ட உபாயம் அது! குதிரைமேல் ஏற்றிச் செல்லத்தக்க அந்தக் கோலையும் பாத்திரத்தையும், எடுத்துச் செல்லத்தக்க ஆவியாக்கியின் மூதாதை எனலாம்.

பாமிர் மலையிலுள்ள ஜிர்சாங்கல் இடுகாட்டிலிருந்தும் இத்தகைய சான்று கிடைத்தது. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட பத்து மரத் தணற்பாத்திரங்களை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவற்றுள் ஒன்பதில் கஞ்சாவின் இரசாயனத் தடயங்கள் இருந்தமையை நிறுவியது. அங்கும் சூடேறிய கற்களே வெப்பத்தை வழங்கின.

ஏன் கல்? விடையை இரசாயனவியல் தருகின்றது. கஞ்சாவின் முதன்மையான போதைப்பொருளை 1964இல் கயோனியும் மெக்கூலமும் தூய வடிவிற் பிரித்து, அதன் அமைப்பை விளக்கினர். பச்சைச் செடியிலே அது பெரும்பாலும் அமில வடிவில் உறைகின்றது. வெப்பம் பட்டதும் காபனீரொட்சைட்டை இழந்து, போதைதரும் வடிவை அடைகின்றது. இன்றைய கருவிகள் பெரும்பாலும் 180 தொடக்கம் 210 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி அப்பொருளை ஆவியாக்குகின்றன. சுருட்டிப் புகைப்பவன் இழுக்கும்போதோ தணலின் வெப்பம் 900 பாகையை அண்மிக்கின்றது. அங்கே இலை தகனமடைந்து, தாரும் காபனோரொட்சைட்டும் பிறக்கின்றன.

ஆகவே, கருவியைத் திறம்படக் கையாளும் கலை என்பது வெப்பத்தை அடக்கியாளும் கலையேயாகும். மூலிகை ஈரமாயிருப்பின் வெப்பத்தின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலே வீணாகும். பெருந்துண்டாயின் உள்ளே சூடு புகாது; மாவாய் அரைத்தால் வலைக்கண்கள் அடைபடும். இறுக அடைத்தால் காற்றோட்டம் தடைப்படும். வேகமாக இழுத்தால் உட்புகும் குளிர்காற்று அறையைத் தணித்துவிடும். மெதுவாக, சீராக இழுத்தல் வேண்டும். அறையின் சுவரிலிருந்து கடத்தலால் மட்டும் சூடேற்றும் கருவியில் ஓரம் கருகும், நடு பச்சையாய் நிற்கும். இடையிற் கிளறிவிடுதல் அவசியம். சூடான காற்றை ஊடே செலுத்தும் மேற்காவுகைக் கருவி இக்குறையைப் பெரிதும் நீக்கியது. கரி படிந்த அறையைத் துப்புரவு செய்யாதவனுக்கு எக்கருவியும் பயன்தராது.

இதன் பயன் நோயாளரைச் சார்ந்தது. 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஏப்ரம்ஸ் குழுவினர் 18 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆவியாக்கியைப் பயன்படுத்தியோர் குருதியில் அப்பொருள் புகைத்தோருக்கு ஒப்பாகவே சேர்ந்தது. வெளிவிடும் மூச்சில் காபனோரொட்சைட்டோ மிகக் குறைவாயிருந்தது. புகை நீங்கியதால் போதையும் நீங்கிவிட்டதென எவரும் மயங்கலாகாது. அடிமைப்படும் அபாயமும் இளம் மூளைக்கு நேரும் கேடும் அப்படியே நிற்கின்றன.

இலாபம் அறிவியலை முந்தும்போது நிகழ்வதையும் கண்டோம். 2019இல் அமெரிக்காவில் நுரையீரல் நோயொன்று பரவியது. 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனை புகுந்தனர் அல்லது மாண்டனர். உறுதிசெய்யப்பட்ட மரணங்கள் 68. உலர் மூலிகையைச் சூடேற்றியதால் வந்த நோயன்று அது. கள்ளச்சந்தைக்காரர் கஞ்சா எண்ணெயைத் தடிப்பாக்கக் கலந்த விற்றமின் ஈ அசற்றேற்றே அதனோடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தது.

சட்டபூர்வமான சந்தையின் முகமும் நோக்கத்தக்கது. ஜேர்மனியின் துற்லிங்கன் நகரில் ஆவியாக்கிகளைச் செய்து புகழ்பெற்ற ஸ்ரோஸ் அன்ட் பிக்கல் நிறுவனத்தை, 2018இல் கனேடியக் கஞ்சாப் பெருநிறுவனமான கனப்பி குறோத் 14.5 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஒருபுறம் மூலதனம் இவ்வாறு குவிகையில், மறுபுறம் சிறைக்கதவு யாருக்குத் திறந்தது? அமெரிக்கக் குடியியல் உரிமைச் சங்கம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவிற் கஞ்சாவைப் பயன்படுத்தியும், அதனை வைத்திருந்த குற்றத்துக்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு 3.6 மடங்கு அதிகமாயிருந்தது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலும் சேர்த்தது. அதிலிருந்து அதனை நீக்க 2020 டிசம்பர் வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், சென்றன. அந்த வாக்கெடுப்பிலும் 27க்கு 25 என்ற சிறு வேறுபாடே இருந்தது.

சூட்டுக்கல்லைக் கண்ட சிதியத் தொழிலாளி எவ்வுரிமைப் பத்திரமும் எழுதி வைக்கவில்லை. அவன் அறிவு மனித குலத்தின் பொதுச் சொத்தாயிற்று. அவ்வறிவின் வழிவந்த கருவி, வலியால் வாடும் ஏழை நோயாளிக்கு எட்டாத விலையில் ஒரு நாட்டின் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்ன, அதே செடிக்காக வேறொரு நாட்டின் ஏழை சிறையில் வாடுவானாயின், குறை கருவியிலே இல்லை. அதனைச் சூழ்ந்துள்ள சமுதாய உறவுகளிலேயே உண்டு. தீயை அடக்கக் கற்ற மனிதன் அவ்வுறவுகளையும் மாற்றக் கற்பான்.