பியர்ஸ் நீராலை உணர்த்தும் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனில், 1890ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற றொக் கிறீக் பூங்காவினுள்ளே, பழைய நீராலையொன்று இன்றும் நிலைபெற்றுள்ளது. பியர்ஸ் ஆலை என வழங்கும் அதனை ஐசாக் பியர்ஸ் என்பார் 1820களிற் கல்லாற் கட்டுவித்தார். ஓடை நீரை வாய்க்கால் வழியே கொணர்ந்து பெருஞ்சக்கரமொன்றைச் சுழற்றி, அச்சுழற்சியின் வலியால் ஆங்குத் தானியம் அரைக்கப்பட்டது. நம்மவர் திரிகையிற் போலவே, கீழ்க்கல் அசையாதிருக்க மேற்கல் சுழலும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆலைகளிற் கல்லை நீர் சுழற்றியதேனும், ஏனைய வேலைகள் மனிதர் தோளிலேயே தங்கியிருந்தன. மூட்டை சுமத்தலும், மாவை மேன்மாடிக்கு ஏற்றலும், பரப்பி ஆற்றலும் ஓயாத உழைப்பாயின. இந்நிலையை மாற்றியவர் ஒலிவர் எவன்ஸ் (1755–1819) என்னும் பொறிவல்லுநர். வாரிற் கோத்த சிறு வாளிகள் தானியத்தை மேலேற்றவும், திருகுத் தண்டு அதனைக் கிடையாக நகர்த்தவும் அவர் வழி கண்டார். ஐக்கிய நாடுகளின் மூன்றாவது ஆக்கவுரிமை 1790இல் இவ்வமைப்புக்கே வழங்கப்பட்டது. மாவை விறாண்டியாற் பரப்பி ஆற்றும் வேலையை முன்னர்ச் சிறுவர் செய்தமையின், அவ்வேலைக்கு அமைந்த பொறியும் ‘தொட்டிப் பையன்’ எனும் பொருள்படும் பெயரையே பெற்றது. பியர்ஸ் ஆலையும் எவன்ஸின் முறையைத் தழுவியதே.

மனித உழைப்பைக் குறைத்த பொறி வேலை செய்த இப்பண்ணையிலேயே அடிமைகளும் வைத்திருக்கப்பட்டனர் என்பது ஈண்டு நினைத்தற்குரியது. 1862ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆந் திகதிச் சட்டத்தினாலேயே தலைநகர் மாவட்டத்தில் அடிமைமுறை ஒழிந்தது. அப்பொழுதும் இழப்பீடு உடைமையாளர்க்கே வழங்கப்பட்டது. நெடுங்காலம் கூலியின்றி உழைத்தோர்க்கு அவ்வுழைப்பின் பயன் கிடைத்திலது. எனவே, பொறி பெருகின் மனிதன் தானே விடுதலை பெறுவான் என்னும் கூற்றை இவ்வாலை மறுக்கின்றது. விடுதலையை அளித்தது சக்கரமன்று, சட்டமே.

1897இல் முதன்மைத் தண்டு முறிந்தமையால் ஆலையின் வாணிகம் முடிவுற்றது. 1930களிற் புதுப்பிக்கப்பட்டு, பின்னரும் பழுதுற்று, 2011இல் அது மீண்டும் இயங்கலாயிற்று. பூங்காவின் பிறிதோரிடத்தில் இயற்கைக் கல்வி நிலையமொன்றும் உண்டு. ஆலையின் அருகே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்கென எழுந்த அணை, முட்டையிட மேலோடி வரும் ஹெறிங் மீன்களைத் தடுத்தது. அவை ஏறிச்செல்ல 2006ஆம் ஆண்டளவில் மீன்வழியொன்று அமைக்கப்பட்டது.

இத்தகைய இடங்களைக் காணச் செல்லும் மாணவர் சக்கரத்தின் அழகை வியத்தல் இயல்பே. எனினும், அவ்வியப்போடு நின்றுவிடின் கல்வி குறையுடையதாகும். நீரைத் தேக்கியபோது யாது தடைப்பட்டது, மாவு பெருகியபோது எவர் பயன் பெற்றனர், எவர் பெற்றிலர் என்னும் வினாக்களை அவர் உள்ளத்தில் எழுப்புதல் வரலாற்றாசிரியனின் கடனாகும்.