டிக்... டிக்... வன்தட்டும் கொஞ்சம் வரலாறும்

போன வாரம் ஒரு ராத்திரி என் பழைய மடிக்கணினி படுத்துவிட்டது. பட்டனை அமுக்கினால் கறுப்புத் திரையில் 'டிஸ்க் எரர்' என்று ஒரு வரி. அப்புறம் உள்ளேயிருந்து டிக்... டிக்... என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மிஷின் போனால் போகுது, உழைச்ச வரைக்கும் லாபம். உள்ளே இருந்ததுதான் விஷயம். இங்கே பெரிய காலாப்பட்டில் மீனவப் பெரியவர்கள் 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றியும், அதுக்கு முந்தைய கடற்கரை பற்றியும் பேசியதை 14 ஒலிப்பதிவுகளாக வைத்திருந்தேன். அவர்களில் மூணு பேர் இப்போது இல்லை. வேறெங்கும் நகலும் இல்லை. (திட்டாதீங்க, வீட்டிலேயே நிறைய வாங்கியாச்சு.)

முதல் தப்பை உடனே செய்தேன். விண்டோஸ் சிடியைப் போட்டு 'செக்டிஸ்க்' ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில் டிக் டிக் அதிகமானதுதான் மிச்சம். கடைக்காரரைக் கேட்டால், "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்" என்றார். கடைசியில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் நண்பருக்கு ஃபோன் போட்டேன். "முதல்ல ஆஃப் பண்ணுய்யா! சாகக் கெடக்கிறவன எழுப்பி ஓடச் சொல்லுவியா? ரிப்பேர் அப்புறம், நகல் முதல்ல" என்றார்.

வன்தட்டைக் கழற்றி, அவருடைய லினக்ஸ் கணினியில் மாட்டி, 'டிடிரெஸ்க்யூ' என்ற நிரலை ஓட்டினோம். அன்டோனியோ டியாஸ் என்பவர் 2004-ல் வெளியிட்ட இலவச நிரல் அது. சுலபமாக வருகிற பகுதிகளை முதலில் அள்ளிவிடும். அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வரும். பரீட்சையில் தெரிந்த கேள்வியை முதலில் எழுதுகிற புத்திசாலிப் பையன் மாதிரி :-)

அது ராத்திரி முழுக்க ஓடியது. தூக்கம் வராமல் வன்தட்டின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

உலகின் முதல் வன்தட்டு 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் கணினியில் இருந்தது. இரண்டடி விட்டத்தில் 50 தட்டுகள், ஒரு டன் எடை. கொள்ளளவு? சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் ஒரு சினிமாப் பாட்டு! 1973-ல் அதே ஐபிஎம்மின் 'வின்செஸ்டர்' வந்தது. படிக்கும் முனையையும் தட்டையும் சேர்த்து ஒரே பெட்டிக்குள் மூடினார்கள். 1980-ல் சீகேட் 5.25 அங்குலத்தில் 5 எம்பி தட்டு விற்றது. 1988-ல் 2.5 அங்குலத் தட்டு வந்து மடிக்கணினிக்குள் நுழைந்தது. இன்று படிக்கும் முனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. தட்டில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அது பின்வாங்கி மறுபடி மறுபடி முயற்சி செய்வதுதான் அந்த டிக் டிக்.

எனக்கு நிஜமாகவே ஆச்சரியம் தந்தது வேறு. வன்தட்டு தப்பே செய்யாது என்று நினைத்திருந்தேன். அது எப்போதும் தப்பு செய்துகொண்டுதான் இருக்கிறதாம்! 1947-ல் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹேமிங்குக்கு வார இறுதியில்தான் கணினி கிடைக்கும். ஆளில்லாத நேரத்தில் ஒரு பிழை வந்தால் இயந்திரம் அவர் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அதைத் திருத்தத் தெரியாதா என்று கடுப்பாகி யோசித்தார். 1950-ல் அவர் வெளியிட்டதுதான் பிழைதிருத்தும் குறியீடு. அந்த வம்சத்தில் வந்த கணிதம் உங்கள் வன்தட்டிலும் ஓசையில்லாமல் திருத்திக்கொண்டிருக்கிறது. கெட்ட இடம் இருந்தால் உபரி இடத்துக்கு மாற்றி எழுதியும் சமாளிக்கிறது. ஆக, திரையில் 'எரர்' என்று வரும்போது சமாளிப்பெல்லாம் தோற்றுப்போச்சு என்று அர்த்தம்.

முன்கூட்டியே எச்சரிக்காதா? அதற்குத்தான் 'ஸ்மார்ட்' என்ற சுயபரிசோதனை உள்ளே இருக்கிறது. ஆனால் 2007-ல் கூகுள் ஆட்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்தபோது, செத்தவற்றில் பாதிக்கு மேல் ஸ்மார்ட்டின் முக்கிய அறிகுறிகள் எதையும் காட்டவில்லை. ஆனால் சோதனையில் முதல் பிழை தெரிந்துவிட்டாலோ, அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றதைவிட 39 மடங்கு. அதாவது, ஒரு பிழையைப் பார்த்தால் அன்றைக்கே நகல் எடுக்கணும்.

இதைப் படிக்கும்போது நம்மூர் ஆனந்தரங்கப் பிள்ளை ஞாபகம் வந்தார். துய்ப்ளேக்சின் துபாஷி. 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் செத்த அதே 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய், ஊரே இடிபட்டது. நாட்குறிப்பு 1846-ல்தான் கலுவா மோம்ப்ரேன் கண்ணில் பட்டது. அவர் முதலில் செய்த காரியம் நகல் எடுத்தது. அடுத்து எதுவார் அரியேல் எடுத்த இன்னொரு நகல் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. 1904 தொடங்கி 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் வந்தன. நாட்குறிப்பில் இன்றும் இடைவெளிகள் உண்டு. ஆனாலும் இவ்வளவு கிடைத்ததே, காகிதத்தை நம்பாமல் நகலை நம்பிய ஆட்களால்தான்.

விடிந்ததும் பார்த்தோம். 14-ல் 13 பதிவுகள் முழுசாக வந்துவிட்டன. பதினாலாவது நாலு நிமிஷம் ஓடி, பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. "அன்னிக்குக் காத்தால கடலு உள்ள வாங்குச்சு தம்பி, நான் எம்பேரன..." அவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்டு எழுதலாம் என்றால், பேசிய பெரியவர் இப்போது இல்லை. நான் செக்டிஸ்க் ஓட்டிய அந்த ஒரு மணி நேரத்தில்தான் அது போச்சோ என்று மனசு அரிச்சுக்கிட்டே இருக்கு.

அந்தப் பேரன் இருக்கிறார். அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்கணும். அந்த நாலு நிமிஷத்தையாவது கொடுத்துட்டு வரணும்.

பி.கு: 13 பதிவுகளும் இப்போது மூணு இடத்தில் இருக்கின்றன, ஒன்று வேறு ஊரில், தம்பி வீட்டில். "எங்கிட்ட எஸ்எஸ்டி இருக்கே" என்று சிரிக்காதீங்க. அதுவும் சாகும், டிக் டிக்னு சொல்லாமலே சாகும். இதை மூடிவிட்டு ஒரு நகல் எடுத்துட்டு வாங்க.