தேகப்பயிற்சி ஆசிரியர் வரலாறு

நம் சங்கத்து அன்பர்களில் ராயபுரம், திருவொற்றியூர் பாகங்களிலிருந்து துறைமுக அலுவலாக எஸ்பிளனேடு செல்வோர், ஹைகோர்ட்டுக்கு எதிரே ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தாரின் சிவந்த கட்டடத்தைக் கண்டிருப்பார்கள். காலேஜ்களில் விளையாட்டுப் பயிற்றுவோர் உத்தியோகம் மதிப்புற்ற வரலாறு அச்சங்கத்தாரைச் சார்ந்தது.

முன்னாளில் டிரில் மாஸ்டர் என்பவர் பெரும்பாலும் பட்டாளத்தினின்று ஓய்வு பெற்றவரே. அணிவகுப்பும் அதட்டலுமே அவர் வித்தை. உபாத்தியாயர் வரிசையில் அவருக்குச் சம ஆசனமில்லை.

1884இல் அமெரிக்காவில் பிறந்து, ஸ்பிரிங்பீல்டு கலாசாலையில் பயின்ற ஹாரி குரோ பக் துரை, 1920இல் சென்னையில் தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கென்றே ஒரு பாடசாலையை ஸ்தாபித்தார். பந்தாடத் தெரிந்தவனுக்குப் பயிற்றவும் தெரியும் என்னும் எண்ணம் அங்கே செல்லவில்லை. உடற்கூறும் போதனா முறையும் கற்பிக்கப்பட்டன. அதுவே இன்று நந்தனத்தில் விளங்கும் கல்லூரி. பக் துரை 1943இல் சென்னையிலேயே காலமானார்.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் கோஷ்டிக்கு அவரே மானேஜர். அக்கோஷ்டியில் தடையோட்டம் ஓடிய சி. கே. லக்ஷ்மணன் பிற்காலத்தில் வைத்தியத் துறையில் இந்திய சர்க்காரின் உயர்ந்த பதவியை அடைந்தார். தம் பிள்ளை லக்ஷ்மணனைப் போலாக எந்தப் பெற்றோரும் சம்மதிப்பர். பக் துரையின் தொழிலுக்கு அனுப்பச் சம்மதிப்பவர் எத்தனை பேர்?

தயங்குவோர் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் வருஷத்து விதிகளைப் பார்க்கலாம். காலேஜ் உடற்கல்வி இயக்குநருக்கு உதவிப் பேராசிரியரின் தொடக்க ஊதியமே உண்டு. ஆனால் எம்.ஏ. பண்டிதரிடம் கேளாத ஒன்றை இவரிடம் கேட்கிறார்கள்: முப்பது வயதுக்குட்பட்ட ஆண் விண்ணப்பதாரர் 12 நிமிஷத்தில் 1,800 மீட்டர் ஓடிக் காட்ட வேண்டும்.