அரத்திலிருந்து ஒளிக்கோடு வரை

1908ஆம் ஆண்டில் லண்டனுக்கு அருகே, புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஒரு விநோதச் சோதனை நடந்தது. அமெரிக்காவில் செய்யப்பட்ட மூன்று கேடிலாக் கார்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார்கள். பாகங்களை ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதுவும் போதாதென்று 89 பாகங்களை அகற்றிவிட்டு, விற்பனையாளரின் கிடங்கிலிருந்து வேறு பாகங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிறகு ஸ்பேனரும் திருப்புளியும் மட்டும் கொண்டு மூன்று கார்களும் மீண்டும் பூட்டப்பட்டன. மூன்றும் 500 மைல் ஓடின. அவ்வாண்டுக்கான டேவார் கிண்ணம் கேடிலாக்கிற்குக் கிடைத்தது.

இதில் என்ன அதிசயம் என்று இன்று கேட்கத் தோன்றும். அன்றைய பட்டறைகளில் பெரும்பாலும் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவி ராவித்தான் பொருத்தினார்கள். ஒரு காருக்காக ராவிய பாகம் அடுத்த காருக்குப் பொருந்தாது. கேடிலாக்கை நடத்திய ஹென்றி லீலண்ட் துப்பாக்கித் தொழிற்சாலைகளில் வேலை பழகியவர். கைத்திறனைவிட அளவில் கண்டிப்பே முக்கியம் என்ற பாடத்தை அங்கிருந்துதான் கார் தொழிலுக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் கண்டிப்புக்கு ஆதாரம் தந்தவரும் ஒரு துப்பாக்கித் தொழிலாளியே. சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா நகரைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் ஜொஹான்சன், மனைவியின் தையல் இயந்திரத்தையே மாற்றியமைத்து எஃகுக் கட்டைகளைத் தேய்த்து மெருகேற்றினாராம். 102 கட்டைகள் கொண்ட ஒரு பெட்டி. அவற்றைப் பலவாறு அடுக்கினால் 20,000 அளவுகள் கிடைக்கும். 1923இல் ஹென்றி ஃபோர்டு அவரைத் தம் நிறுவனத்துக்கே அழைத்துக்கொண்டார்.

இயந்திரப் பாகங்களுக்கு இது போதுமானதாக இருந்தது. காரின் உடல் வேறு கதை. மெல்லிய தகடுகளைச் சட்டகத்தில் கவ்விப் பிடித்துப் பற்றவைக்கும்போது அவை வளையும், நகரும். கதவு சரியாக மூடாமல் போவதும் மழைநீர் கசிவதும் இதனால்தான். தொட்டு அளக்கும் கருவிகள் மிகத் துல்லியமானவை. ஆனால் அவை தனி அறையில் மெதுவாக வேலை செய்தன. நூற்றுக்கணக்கான கார்களில் சிலவற்றை மட்டுமே அந்த அறைக்குக் கொண்டுபோக முடிந்தது.

1960இல் பிறந்த லேசர் இங்கேதான் கைகொடுத்தது. தகட்டின் மேல் ஒளிக்கோடு விழும். சாய்வாக நிற்கும் ஒரு கேமரா அதைப் பார்க்கும். தகடு சற்று உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் கோடு இடம் மாறும். மாறிய தூரத்தைக் கொண்டு தகட்டின் நிலை கணக்கிடப்படும். 1980களில் இத்தகைய கருவிகள் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசைக்கே வந்தன. தனி அறைக் கருவியின் நுட்பம் இவற்றுக்குக் கிடையாது. ஆனால் ஒரு காரையும் விடாமல் எல்லாவற்றையும் அளந்தன. லேசரின் உண்மையான வெற்றி இதுதான். துல்லியம், துல்லியம் என்று அதைப் புகழ்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் கார் நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய '2 மில்லிமீட்டர்' திட்டம் இதற்கு நல்ல சான்று. கார் உடலின் அளவு வேறுபாட்டை மொத்தம் 2 மில்லிமீட்டருக்குள் அடக்குவதே இலக்கு. எல்லாக் கார்களின் அளவுகளும் கையில் இருந்ததால், பிழை எந்தப் புள்ளியில், எந்த நேரத்தில் தொடங்கியது என்று பின்னோக்கித் தேட முடிந்தது. அதுவரை தகடு அச்சடிக்கும் பிரிவும் பற்றவைக்கும் பிரிவும் ஒருவர் மேல் ஒருவர் பழிபோட்டுக்கொள்வது வாடிக்கை. தேடிப் பார்த்தால், பல நேரங்களில் குற்றவாளி தேய்ந்துபோன ஓர் ஊசியாகவோ தளர்ந்துவிட்ட ஒரு கவ்வியாகவோ இருந்தது. அதை இறுக்கியதும் அடுத்த காரிலிருந்தே அளவு சீரானது.

ஜொஹான்சனின் கட்டைகளும் ஓய்வு பெற்றுவிடவில்லை. அளவை அறையிலுள்ள தொடு கருவியைச் சரிபார்க்க அவற்றின் வழிவந்த கட்டைகள் இன்றும் பயன்படுகின்றன. அந்தக் கட்டைகளின் நீளத்தை ஆய்வுக்கூடங்களில் இப்போது லேசர் ஒளியின் அலைநீளத்தைக் கொண்டு உறுதிசெய்கிறார்கள்.