பான்-மரி என்றால் என்ன? பஃபேயில் சாப்பிடுவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை!

பஃபேயில் குருமா, பிரியாணி எல்லாம் வரிசையா பாத்திரங்களில் இருக்கும், அடியில் வெந்நீர் இருக்கும், பார்த்திருப்பீங்க. அதற்குப் பெயர்தான் பான்-மரி. பிரெஞ்சு சொல்லான இது, ஆங்கிலத்திலும் அப்படியே புழங்குகிறது.

பெயர் வந்தது எப்படி?

'பான்' என்றால் குளியல். 'மரி' என்பது மரியா. பழங்காலத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்ததாகக் கருதப்படும் யூதப் பெண் ரசவாதி இவர். அவர் பெயரால் இது 'மரியாவின் குளியல்' ஆனது.

எப்படி வேலை செய்கிறது?

ரொம்ப சிம்பிள். தீ நேரடியாக உணவுப் பாத்திரத்தைத் தொடாது. நடுவில் தண்ணீர் இருக்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் சூடு சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அதனால் சாக்லேட் கருகாமல் உருகும், கஸ்டர்ட் எளிதில் திரியாது. சாக்லேட்டில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழக் கூடாது. விழுந்தால் கட்டி தட்டிவிடும்.

இதைக் கவனிங்க!

பஃபே பான்-மரி, சூடான உணவைச் சூடாகவே வைத்திருக்க மட்டும்தான். ஆறிப்போன உணவைச் சூடாக்க அல்ல. அதில் உணவு மெதுவாகத்தான் சூடேறும். அந்த நேரத்தில் கிருமிகள் பெருகிவிடும்.

சமைத்த உணவைப் பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறியதை முதலில் அடுப்பில் நன்கு கொதிக்க வைத்த பிறகே பான்-மரிக்கு மாற்ற வேண்டும்.

அடுத்த முறை பஃபேயில் குழம்பு வெதுவெதுப்பாக இருந்தால், தயங்காமல் சூடாகக் கேளுங்க. இல்லையென்றால் தவிர்த்துவிடுவதே நல்லது.