ரோட்டுக்குள்ள ஒரு குதிரை

பெயர்ப்பலகையில 'வீதி'ன்னு இருக்கும். ஆனா நம்ம தோட்டங்கள்ல வாயில வர்றது 'ரோட்டு'தான். 'லயன்' மாதிரி இதுவும் துரைமாரோட வந்த சொல். அதுக்கு முன்னால அது எங்க இருந்தது?

ஆங்கிலத்தில் இதைவிடப் பழைய பாதைச் சொல் 'ஸ்ட்ரீட்'. கல் பரப்பிப் போட்ட பாதையை ரோமானியர் லத்தீனில் 'வியா ஸ்ட்ராட்டா' என்றார்கள். 'பரப்பிய பாதை' என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் ஸ்ட்ரீட். டோவரிலிருந்து லண்டன் வழியாகப் போகும் ரோமப் பாதைக்கு இன்றைக்கும் 'வாட்லிங் ஸ்ட்ரீட்' என்றுதான் பெயர்.

'ரோட்' வேற கதை. பழைய ஆங்கிலத்தில் 'ராட்' என்றால் குதிரைச் சவாரி. சவாரி செய்வதைக் குறிக்கும் 'ரைட்' என்ற வினைக்குச் சொந்தம். குதிரையில் போய்த் தாக்குவதையும் அந்தச் சொல்லாலேயே சொன்னார்கள். ஸ்கொட்லாந்துக்காரர் வாயில் அது 'ரெய்ட்' ஆனது. அதாவது, பொலிஸ் போடுற 'ரெய்டு'ம் நம்ம 'ரோட்டு'ம் ஒரே வயித்துப் பிள்ளைகள்! பாதை என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் நிலைத்தது.

ஆக, ஒரு சொல்லில் கல் பரப்பியவன் இருக்கிறான், இன்னொன்றில் குதிரையில் போனவன் இருக்கிறான். நடந்தவன் எங்கே?

நமக்கு இது சும்மா சொல் ஆராய்ச்சி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். சுமார் 150 மைல். கொலரா, அம்மை, காய்ச்சல், பசி என்று வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த வழிக்கு வெள்ளைக்காரன் ஆவணங்களில் எழுதின பெயர் 'நோர்த் ரோட்'. குதிரையே ஏறாதவர்கள் செத்து விழுந்த பாதைக்குச் சவாரிச் சொல்! 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. நடந்த தடம் காட்டுக்குள்ள மறைஞ்சு போச்சு.

கல் பரப்பியதும் நம்ம ஆட்கள்தான். மலையகத்து ரோடுகள் பலதையும் வெட்டிப் போட்டது தமிழ்த் தொழிலாளர் கை. ரோமானியன் போட்ட கல்லை ஒரு சொல்லாவது ஞாபகம் வைத்திருக்கிறது. நாம போட்ட கல்லுக்கு அதுகூட இல்லை.

2023இல், 200 வருஷத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்ம மக்கள் திரும்ப நடந்தார்கள். சொல் மறந்ததைக் கால் ஞாபகப்படுத்தியது. இன்னொரு வேலை மிச்சம் இருக்கு. கண்டிச் சீமைக்கு வந்த வழியை உங்க வீட்டுப் பாட்டி, தாத்தா என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு கேளுங்க. கேட்டு எழுதி வைங்க. நடந்தவங்களோட சொல் அங்கதான் இருக்கும்.