குதிரை இறந்தால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? மேசைப் பாத்திர விளையாட்டுகளில் சவாரி வீரர், 1971–2024

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது பாத்திர விளையாட்டு. நூலாக அச்சேறிய முதல் பாத்திர விளையாட்டான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அமெரிக்காவில் 1974இல் வெளிவந்தது. இவ்வகை விளையாட்டுகளில் விலங்கின்மேல் ஏறிப் போரிடும் பாத்திரம் எப்படி உருவானது, ஒவ்வொரு காலத்து விதிநூலும் அதை எப்படி நடத்தியது, விதிநூல் வாங்க நினைப்பவருக்கு இந்த வரலாறு எந்த வகையில் உதவும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சவாரி வீரரை ஒரு விதிநூல் எவ்வளவு மதிக்கிறது என்று அறிய ஒரு கேள்வி போதும் என்பது என் துணிபு: அவருடைய குதிரை செத்துப்போனால் அந்த நூல் என்ன செய்யச் சொல்கிறது?

விலைப்பட்டியலில் குதிரை

தொடக்கம் போர் விளையாட்டு. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்', இடைக்கால ஐரோப்பியப் படைகளைச் சிறு பொம்மைகளாக மேசைமேல் நிறுத்திப் போரிடுவதற்கான விதிநூல். ஈட்டிப் போட்டிக்கென்றே அதில் ஓர் அட்டவணை உண்டு. எதிராளியின் எந்த இடத்தைக் குறிவைப்பது, தன் உடலை எப்படிச் சாய்ப்பது என்று இரு வீரரும் மனத்துக்குள் முடிவுசெய்து ஒரே நேரத்தில் வெளிப்படுத்துவார்கள். பகடைக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு முடிவுகளும் சந்திக்கும் கட்டத்தைப் பார்த்தால் யார் விழுந்தார் என்பது தெரிந்துவிடும். எதிராளியின் மனத்தைப் படிக்கச் சொல்லும் இந்த விதிக்கு நிகரான சவாரி விதி பின்னால் வந்த நூல்களில் அரிது.

கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து 1974இல் கொண்டுவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', பத்து டாலர் பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக இருந்தது. கயிறு, தீப்பந்தம், வாள் முதலியவற்றின் விலைப்பட்டியலிலேயே குதிரையும் நிற்கிறது: கோவேறு கழுதை 20 பொற்காசு, இலகு குதிரை 40, கனத்த போர்க்குதிரை 200. புதிய பாத்திரத்தின் கைப்பணத்தை மூன்று பகடை உருட்டிப் பத்தால் பெருக்கித் தீர்மானிப்பார்கள். மூன்றிலும் ஆறு விழுந்தாலும் 180தான். ஆக, கனத்த போர்க்குதிரையோடு கதைக்குள் நுழைய எந்தப் புதுப் பாத்திரத்தாலும் முடியாது. குதிரை என்பது போய்ச் சம்பாதிக்க வேண்டிய பொருள்.

மூன்றாம் நூலில் சவாரிக்குத் தாராளமாகவே இடம் இருந்தது. வெளிநிலத்தில் கோட்டையைக் கடந்துபோகும் போர்வீரரை அதன் தலைவன் ஈட்டிப் போட்டிக்கு அழைப்பான். தோற்றால் கவசம் பறிபோகும்; வென்றால் ஒரு மாதம்வரை விருந்து, வழிக்கு உணவு, தேவையானால் போர்க்குதிரையும் கிடைக்கும். கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின், பறக்கும் குதிரை போன்றவற்றின்மேல் ஏறி வானத்தில் போரிடுவதற்கும் விதிகள் உண்டு. அவற்றின் பெரும்பகுதி மைக் கார் உருவாக்கிய, முதல் உலகப்போர் விமானச் சண்டை பற்றிய விளையாட்டிலிருந்து வந்தது. கிரிஃபின் வட்டமடித்துத் திரும்பும் கணக்குக்குப் பின்னால் இருப்பது இரட்டை இறக்கை விமானம்.

ஆனால் விளையாட்டின் பெயரே சொல்வதுபோல், கதை பெரும்பாலும் நடந்தது நிலவறையில். படிக்கட்டு, இடுங்கிய வழி, பொறிக்குழி என்று போகும் இடத்துக்குள் குதிரை வராது. குகை வாசலில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வரும்போது அது அங்கே உயிரோடு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சவாரி வீரருக்காக எழுதப்பட்ட விதிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு சிக்கல்களைத் தீர்க்க எழுந்தவை: இடம் போதாது, குதிரை சீக்கிரம் சாகிறது.

பத்தாண்டுத் துக்கம்

பாலடின் என்னும் அறவழி வீரர் 1975இல் வெளியான 'கிரேஹாக்' துணை நூலில் அறிமுகமானார். 1978இன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' அவருக்குத் தனிக் குதிரையைத் திட்டமாக வரையறுத்தது. லெவல் எனப்படும் அனுபவப் படிநிலைகளில் நான்காவதை எட்டியதும் அவர் அழைத்தால் அது வரும். சந்தைக் குதிரையைவிட அறிவும் வலிமையும் கொண்டது; காசு கொடுத்து வாங்க முடியாதது. அது இறந்தால்? பத்து ஆண்டுக்கு ஒன்றுதான். கதைக்குள் பத்து ஆண்டு என்பது பல குழுக்களுக்கு முழுக் கதையையும்விட நீளமான காலம். நடைமுறையில் அதன் பொருள், போன குதிரை போனதுதான்.

கடுமையான விதி. ஆனால் அந்தக் கடுமையில் ஒரு மரியாதை இருந்தது என்றே நினைக்கிறேன். குதிரையைக் காப்பாற்ற ஆட்டக்காரர் தன் பாத்திரத்தின் உயிரையே பணயம் வைப்பார். அதிலிருந்து கதை பிறக்கும்.

துணை நூல்களின் காலம்

கைகாக்ஸ் 'டிராகன்' இதழின் 72ஆம் எண்ணில், 1983 ஏப்ரலில், காவலியர் என்ற புதிய பாத்திர வகையை வெளியிட்டார். உயர்குடிப் பிறப்பு, ஈட்டியேந்திய சவாரி, வீரநெறி மூன்றும் சேர்ந்த பாத்திரம். 1985இல் 'அனெர்த்ட் ஆர்கானா' நூலில் அது முறைப்படி சேர்க்கப்பட்டது. பாலடினும் அதன் கிளையாக மாற்றப்பட்டார். ஈட்டிப் பாய்ச்சலின் தாக்கம் லெவலோடு வளர்ந்தது. ஆனால் எதிரி கண்ணில் பட்டதும், அதிலும் மிக வலியவனை நோக்கியே, பாய வேண்டும் என்று வீரநெறி கட்டாயப்படுத்தியது. ஒளிந்து நெருங்கத் திட்டமிடும் குழுவில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நூல்களை வெளியிட்டுவந்த, அப்போது நிதி நெருக்கடியில் இருந்த டிஎஸ்ஆர் நிறுவனத்துக்கு அந்த ஆண்டு அந்த நூல் கைகொடுத்தது. சவாரிப் பாத்திரம் புதிய நூலை வாங்கவைக்கும் சரக்காகவும் ஆனது அப்போதுதான்.

ஆரன் ஆல்ஸ்டன் எழுதிய 'கம்ப்ளீட் ஃபைட்டர்ஸ் ஹேண்ட்புக்' (1989) குதிரையைத் தாண்டியது. அதன் 'பீஸ்ட்-ரைடர்' ஒரு குலத்தைச் சேர்ந்தவர். அந்தக் குலம் ஓநாய், காட்டுப்பன்றி என ஏதோ ஒரு விலங்கினத்தோடு தலைமுறைகளாகப் பிணைந்தது. விலங்கும் வீரரும் ஒருவர் மனத்தை ஒருவர் உணர்வார்கள். எந்த விலங்கு என்பதை ஆட்ட நடத்துநரோடு பேசி முடிவுசெய்யலாம். விலங்குச் சவாரியை மட்டுமே அடையாளமாகக் கொண்ட பாத்திரத் தேர்வுகளில் இதை ஒரு முக்கியமான திருப்பமாகக் கொள்கிறேன்.

உலகமே விலங்கால் ஆனது

இதே காலத்தில் கலிஃபோர்னியாவின் கேயாசியம் நிறுவனம் வேறு திசையில் போனது. அதன் 'ரன்குவெஸ்ட்' (1978) கிரெக் ஸ்டாஃபோர்ட் படைத்த குளோராந்தா என்னும் உலகில் நடப்பது. அங்கே பிராக்ஸ் என்ற வறண்ட சமவெளி இருக்கிறது. அதன் நாடோடிக் குலங்கள் தாம் ஏறும் விலங்கின் பெயராலேயே அறியப்படுகின்றன: காட்டெருமைக் குலம், இம்பாலா மான் குலம், சேபிள் மான் குலம், உயர்லாமா குலம். சிறு குலங்கள் காண்டாமிருகத்திலும் தீக்கோழியிலும் ஏறுகின்றன. குதிரையை இந்த மக்கள் வெறுக்கிறார்கள். அது அந்நியரின் விலங்கு.

இம்பாலாக் குலத்தாரைப் பாருங்கள். மான் சிறியது, ஆகவே அதில் ஏறும் மக்களும் குள்ளமானவர்கள். நேருக்கு நேர் மோதினால் காட்டெருமை வீரனிடம் நிற்க முடியாது. அதனால் வேகத்தையும் வில்லையும் நம்பிச் சுற்றிச் சுற்றி அடிக்கிறார்கள். உடல், ஆயுதம், போர்முறை, உணவு, வழிபாடு எல்லாமே விலங்கிலிருந்து புறப்படுகின்றன. சவாரியில் இருக்கும்போது ஒருவரின் வாள்திறன் அவருடைய சவாரித் திறனைத் தாண்டக்கூடாது என்கிற விதியும் 'ரன்குவெஸ்ட்' மரபில் உண்டு. எவ்வளவு பெரிய வாள்வீரரானாலும் ஏறி உட்காரப் பழகாதவர் மேலே இருந்து வீச முடியாது. இந்த ஒரே விதி, சவாரி செய்பவரையும் செய்யாதவரையும் பின்னாளைய நூல்கள் அடுக்கிய முப்பது தனித்திறன்களைவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

ஸ்டாஃபோர்டின் அடுத்த பெரும் படைப்பு 'பென்ட்ராகன்' (1985). ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றியது. ஈட்டியோடு பாயும்போது தாக்கத்தைக் கணக்கிடுவது வீரரின் வலிமையால் அன்று, குதிரையின் வலிமையால். போர்க்குதிரைக்கு ஆறு பகடை. அடிப்பது குதிரைதான், வீரர் குறிபார்க்கிறார் என்ற இயற்பியல் உண்மையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விதி வேறில்லை. ஆண்டு முடிவில் பனிக்காலம் வரும். குழந்தைகள், நிலம், விளைச்சல் ஆகியவற்றோடு லாயத்திலுள்ள ஒவ்வொரு குதிரைக்கும் பகடை உருட்ட வேண்டும். சில அந்தக் குளிரைத் தாண்டுவதில்லை. இங்கே குதிரையின் சாவு ஒரு விபத்தே அல்ல. அது வீட்டுக் கணக்கின் பகுதி.

1991இல் டிஎஸ்ஆர் வெளியிட்ட 'டார்க் சன்', பிராக்ஸை நினைவூட்டும் வகையில், குதிரையே இல்லாத பாலையுலகைக் காட்டியது. அங்கே மக்கள் பெரும்பூச்சிகளிலும் பல்லிகளிலும் ஏறுகிறார்கள்.

கட்டத்துக்குள் அடங்கிய சவாரி

விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் டிஎஸ்ஆரை 1997இல் வாங்கி, 2000இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தது. சவாரிப்போர், பாய்ந்தபடியே தாக்குதல், மிதித்தல் எனச் சவாரி அடுக்கடுக்கான தனித்திறன்களாகப் பிரிந்தது. உரிய தனித்திறனோடு ஈட்டியேந்திப் பாய்ந்தால் தாக்கம் மூன்று மடங்கு. ஆனால் 2003இன் திருத்தப் பதிப்பில் குதிரை பத்தடிக்குப் பத்தடி, அதாவது ஆட்டப் பலகையில் ஐந்தடிக் கட்டங்கள் நான்கை அடைத்து நின்றது. ஐந்தடிக் கதவில் அது எப்படி நுழையும்?

விடை சிறிய வீரரிடம் இருந்தது. ஹாஃப்லிங் என்னும் குள்ள இனத்தவர் நாயின்மேல் ஏறலாம். நாய் ஒரே கட்டத்தில் அடங்கும். 'கம்ப்ளீட் வாரியர்' (2003) ஹாஃப்லிங் சவாரி வீரருக்கெனத் தனிப் பாதை வகுத்தது. கீத் பேக்கர் படைத்த 'எபரான்' உலகம் (2004) அவர்களைத் தலெந்தா சமவெளியில் டைனோசர்மேல் ஏற்றியது. பைசோ நிறுவனத்தின் 'பாத்ஃபைண்டர்' 2010இல் தன் 'அட்வான்ஸ்ட் பிளேயர்ஸ் கைட்' நூலில் காவலியரை மீட்டது: நடுத்தர உடலினருக்குக் குதிரை அல்லது ஒட்டகம், சிறியவருக்கு மட்டக்குதிரை அல்லது ஓநாய், நான்காம் லெவலிலிருந்து காட்டுப்பன்றியும் நாயும். விலங்கு வீரரோடு சேர்ந்தே வளர்கிறது, ஆகவே எளிதில் சாவதில்லை.

இனி, குதிரை இறந்தால் என்ன என்று தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். 2000இல் பாலடினின் காத்திருப்பு ஓர் ஆண்டும் ஒரு நாளும். 2003இல் முப்பது நாள், அல்லது அடுத்த லெவல். அதுவரை தாக்குதலில் ஒரு புள்ளி குறையும். 2010இன் காவலியருக்கு ஒரு வாரத் துக்கம். விதிநூலே அதைத் துக்கம் என்றுதான் குறிப்பிடுகிறது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் குதிரை ஒரு மந்திரமாகிவிட்டது: பத்து நிமிடம் ஓதினால் திரும்பி வரும். 2024இன் புதிய 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' நூலில் அந்தப் பத்து நிமிடமும் போய், போருக்கு நடுவிலேயே ஒரு செயலாக அழைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சுருக்கத்துக்கு நியாயமான காரணம் உண்டு. ஐந்தாம் பதிப்பில் 400 பொற்காசு கொடுத்து வாங்கும் போர்க்குதிரைக்கு உயிர்ப் புள்ளி 19. ஐந்தாம் லெவல் மந்திரவாதி வீசும் தீக்கோளத்தின் சராசரித் தாக்கம் 28. தப்பும் பகடை விழாவிட்டால் ஒரே தீக்கோளத்தில் போட்ட முதல் முழுதும் சாம்பல். (அதே பட்டியலில் யானை 200 பொற்காசு, உயிர்ப் புள்ளி 76. யானையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த விலை நெடுநேரம் யோசிக்க வைக்கும்.) அதனால் வடிவமைப்பாளர்கள் இழப்பை எளிதாக்கினார்கள். விளைவாக விலங்கின் பெயர், வயது, குணம் எல்லாம் தேவையற்றவை ஆயின. 'ஸானதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்' (2017) நூலின் காவலியரில் சவாரி இருந்தால்தான் பயன்படும் அம்சம் தொடக்கத்தில் கிடைக்கும் ஒன்று மட்டுமே. மற்றவற்றைத் தரையில் நின்றபடியே பயன்படுத்தலாம். குதிரை இல்லாமலும் வாழத் தெரிந்த காவலியரைப் படைத்தது புத்திசாலித்தனம்தான், ஆனாலும் அதில் எனக்கு வருத்தமே. 2021இன் 'ஃபிஸ்பன்ஸ் டிரெஷரி ஆஃப் டிராகன்ஸ்' தந்த டிரேக்வார்டன், அதாவது சிறு டிராகனைத் துணையாகக் கொண்ட பாத்திரம், சற்று ஆறுதல்: அந்த டிராகன்மேல் ஏழாம் லெவலில் ஏறலாம், ஏறியபடி பறக்கப் பதினைந்தாம் லெவல்வரை பொறுக்க வேண்டும். காத்திருப்பு அங்கே கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது.

வாங்குபவருக்கு

விதிநூல் விலையுயர்ந்த பொருள். 'ஸானதார்ஸ் கைட்' 49.95 டாலர் விலையில் வந்தது. ஒரே பாத்திர வகைக்காக முழு நூலை வாங்கத் தயங்குபவர்கள், டிஅண்ட்டி பியாண்ட் இணையக் கடையில் அந்தப் பகுதியை மட்டும் தனியே வாங்கிவந்தார்கள். 2024இல் அந்த வசதி நிறுத்தப்பட்டது. இலக்கநூலும் நிலையானதல்ல: 2009 ஏப்ரலில் விசார்ட்ஸ் தன் பிடிஎஃப் நூல்கள் அனைத்தையும் விற்பனையிலிருந்து விலக்கியது, பழையவை திரும்பிவர 2013 ஆனது.

இலவசமாகக் கிடைப்பது குறைவல்ல. 2023 ஜனவரியில் விசார்ட்ஸின் உரிமக் கொள்கை பற்றி எழுந்த பெரும் எதிர்ப்புக்குப் பின், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. சவாரிப்போர் விதிகள், பாலடினின் குதிரை மந்திரம், யானை உட்பட விலங்கு விலைப்பட்டியல் எல்லாம் அதில் உண்டு. பாத்ஃபைண்டர் காவலியரை ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். முதலில் இவற்றை வைத்து இரண்டொரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். பிறகு ஆட்டம் நடத்துபவரிடம் கதை எங்கே நடக்கப்போகிறது என்று கேளுங்கள். நிலவறை என்றால் சிறிய உடலும் நாயும் போதும், புது நூல் வேண்டாம். சமவெளி, பாலை, அரசவை என்றால் துணை நூலுக்குச் செலவிடும் பணத்தில் 'ரன்குவெஸ்ட்' அல்லது 'பென்ட்ராகன்' அடிப்படை நூலை வாங்குங்கள்.